ஹால் சுவரில் வார்லி: காவி பூசி வெள்ளை எழுதிய பதிவு

வார்லி என்பது மகாராஷ்டிரத்தின் வார்லிப் பழங்குடி மக்கள் காவிச் சுவரில் வெள்ளையால் எழுதும் ஓவியம். அதன் மனிதர்களை வரைவது அவ்வளவு கஷ்டமில்லை. சுவரைத் தயார் செய்வதுதான் வேலை. இந்தப் பதிவிலும் பாதி சுவரைப் பற்றித்தான் இருக்கும். முக்கோண உடம்பை எப்படிப் போடுவது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் கீழே நேராகப் போய்விடலாம். ஆனால் காவி பிடிக்காத சுவரில் எத்தனை அழகாக வரைந்தாலும், கொஞ்ச நாளில் அது பொடியாகித் தரையில் கிடக்கும்.

நாங்கள் இருப்பது மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், போய்சரில். வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஒரு பக்கம் தாராப்பூர் தொழிற்பேட்டை, அணுமின் நிலையம். மறுபக்கம் ஊரைத் தாண்டினால் வார்லி மக்கள் வாழும் பாடாக்கள், அதாவது சின்னச் சின்னக் குடியிருப்புகள். வடக்கே போகும் லோக்கல் ரயிலில் ஏறினால் வாங்காவ், அதற்கடுத்தது டஹாணு ரோடு. வார்லி ஓவியத்தை உலகம் பார்க்கக் காரணமான ஜீவ்யா சோமா மாஷே அந்த டஹாணு தாலுகாக்காரர். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, சாப்பாட்டு மேசைச் சுவருக்கு ஆன்லைனில் வார்லி ஸ்டிக்கர் தேடுவது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. கடையில் கிடைக்கும் ஸ்டென்சிலும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எடுத்துக்கொண்ட இடம் ஏழடி அகலம், ஐந்தடி உயரம். இடது ஓரத்தில் ஒரு சுவிட்ச் போர்டு. அதிலிருந்து மேலே ஏறி, பிறகு குறுக்கே ஓடும் வயர் கேசிங். இரண்டும் அந்தச் சுவரின் நிரந்தரத் தொல்லைகள்.

எதை வரைவது

வார்லி என்றதும் நடுவில் வேலைப்பாடான ஒரு சதுரமும் அதற்குள் ஒரு தேவியும் இருக்கும் படம் பலருக்கு நினைவுக்கு வரும். அது லக்ன சௌக். கல்யாண வீட்டின் உள்சுவரில் சுமங்கலிப் பெண்கள் சேர்ந்து எழுதுவது. உள்ளே இருப்பவள் பாலகாட் தேவி, வளமைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் உரியவள். பெண் பூசாரியான தவளேரி பாட்டுப் பாடித் தெய்வங்களை அழைப்பாள். சௌக் இல்லாமல் கல்யாணம் கிடையாது. கல்யாணம் முடிந்ததும் அந்தச் சுவரை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. மண் சுவர்தானே, அடுத்த முறை மெழுகும்போது போய்விடும்.

அதை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் போட எனக்கு மனம் வரவில்லை. குஷன் உறையிலும் காபிக் கோப்பையிலும் பாலகாட் தேவி வந்துவிட்ட காலத்தில் இது ஓவராகத் தோன்றலாம். இருக்கட்டும். வார்லியில் சடங்குக்கு வெளியே வரைய ஏராளமாக இருக்கிறது: நாற்று நடுவது, மீன் பிடிப்பது, கள் இறக்குவது, தார்பா ஆட்டம்.

சடங்குக்கு வெளியே என்ற அந்த வழியே மாஷே போட்டதுதான். 1970களின் தொடக்கத்தில் அகில இந்தியக் கைவினை வாரியம் அனுப்பி பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியர் இந்தக் கிராமங்களுக்கு வந்தார். காகிதத்தையும் வண்ணத்தையும் கொடுத்துப் பெண்களை வரையச் சொன்னார். அப்போது ஒரு ஆண் தானும் வரைகிறேன் என்று முன்வந்தார். அவர்தான் மாஷே. சுவரில் பெண்கள் எழுதிய அதே முக்கோணம், வட்டம், கோடுகளை வைத்துக்கொண்டு ஆற்றையும் வலையையும் எறும்புப் புற்றையும் ஊர்க் கதைகளையும் வரைந்தார். 1976இல் தேசிய விருது, 2011இல் பத்மஸ்ரீ. 2018இல் காலமானார். அவருடைய மீன்வலைப் படம் ஒன்றை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டால், சந்தையில் விற்கும் வார்லியில் பாதி பிடிக்காமல் போய்விடும். வலையின் கண்கள் ஒன்றாவது இன்னொன்றைப் போல இருக்காது.

நான் தேர்ந்தது தார்பா ஆட்டம். தார்பா என்பது சுரைக்குடுவையும் மூங்கிலும் சேர்த்துச் செய்யும் ஊதுகருவி. ஊதுகிறவர் நடுவில் நிற்பார். ஆடுகிறவர்கள் கைகோத்து அவரைச் சுற்றிச் சுருளாகப் போவார்கள். ஏழடிச் சுவரில் நடுவே ஒரு பெரிய சுருள், சுற்றிலும் கொஞ்சம் வயலும் மரமும். அவ்வளவுதான் திட்டம்.

சுவர்

முதலில் ஈரம். எங்கள் ஊரில் ஜூனில் பிடிக்கும் மழை செப்டம்பர் வரை விடாது. கடல் பக்கம் பார்த்த வெளிச்சுவர்களில் எந்தப் பெயின்ட்டும் கொப்பளிக்கும். அதனால் படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் உள்சுவரைத்தான் எடுத்துக்கொண்டேன். அதையும் சோதித்தேன். இரண்டடிச் சதுரத்துக்கு ஒரு கெட்டி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுக் காற்று புகாமல் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிட வேண்டும். எடுக்கும்போது தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவர் காவிக்கு ஆகாது. எங்கள் சுவர் தேறியது.

அடுத்த பிரச்சினை ஏற்கெனவே பூசியிருந்த பிளாஸ்டிக் எமல்ஷன். கையை வைத்தால் வழுக்குகிற அந்த மினுமினுப்பின் மேல் காவி நிற்காது. வார்லி வீட்டுச் சுவரே வேறு. கார்வி என்ற செடியின் குச்சிகளை நெருக்கமாகக் கட்டி, அதன் மேல் மண்ணும் சாணமும் கலந்து அப்பி, அதற்கு மேல் காவி. மண் தண்ணீரை உறிஞ்சும். காவித் துகள் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். எமல்ஷன் எதையும் உறிஞ்சாது. நாம் செய்ய வேண்டியது இரண்டு: மினுமினுப்பைத் தேய்த்து எடுப்பது, காவிக்குள் ஒரு பசையைச் சேர்ப்பது.

120 நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்தேன். முகக்கவசம் கட்டாயம். தேய்த்து முடித்ததும் சுவர் வெள்ளையாகப் பூத்த மாதிரி மங்கலாக வர வேண்டும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் எங்கே இன்னும் பளபளக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் ஈரத் துணியால் தூசியைத் துடைத்து, காய்ந்ததும் வாட்டர் பிரைமர் ஒரு கோட். வேலை எல்லைக்கு நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்.

சுவரில் கை வைப்பதற்கு முன் சிமென்ட் ஷீட் துண்டுகளில் அதே எமல்ஷன், அதே தேய்ப்பு, அதே பிரைமர் என்று செய்து, அவற்றின் மேல் நான்கு விதமாகப் பூசிப் பார்த்தேன். இதைச் செய்யாமல் யாரும் நேராகச் சுவருக்குப் போகாதீர்கள்.

வெறும் காவியைத் தண்ணீரில் கரைத்துப் பூசிய துண்டுதான் பார்க்க மிக அழகு. தொட்டால் விரலில் வந்துவிட்டது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் நினைத்தே பார்க்க முடியாது.

கடையில் கலந்து கொடுக்கும் செங்கல் நிற எமல்ஷன் துடைத்தாலும் போகாது, வேலையும் சுலபம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் ஒரே சீரான சிவப்பு. வெளிச்சம் மாறினாலும் அது மாறாமல் அப்படியே இருக்கிறது. மேலே வரைந்த வெள்ளை, அச்சடித்தது போலத் தெரிந்தது.

மண், சாணம், காவி மூன்றும் சேர்ந்த துண்டுதான் நிஜத்துக்கு மிகவும் பக்கம். சாணத்தில் இருக்கும் வைக்கோல் நார்கள் சிவப்புக்குள் ஆங்காங்கே தெரியும். வாசனை இரண்டு நாளில் போய்விடும். ஆனால் மூடிய ஃபிளாட்டில், மழைக்கால ஈரக்காற்றில், அந்தத் துண்டின் ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை கண்டது. வருஷா வருஷம் மெழுகுகிற வீட்டில் இது பெரிய விஷயமில்லை. நமக்கு அது முடியாது.

நான்காவது, காவியும் ஃபெவிகாலும் சேர்ந்தது. சுவருக்குப் போனது இதுதான்.

காவியை இங்கே கேரு என்று சொன்னால் ஹார்ட்வேர் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். தீபாவளிக்கு முன்னால் வாசலில் ரங்கோலிக்கு அடியில் பூசவும் துளசி மாடத்துக்குப் பூசவும் குவித்து வைத்திருப்பார்கள். நம் ஊரில் கோலத்துக்குக் கரை கட்டும் அதே காவிதான். இரும்பு ஆக்சைடு கலந்த மண். ஒரு லாட்டுக்கு இன்னொரு லாட் நிறம் மாறும் என்பதால் தேவைக்கு மேலேயே ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். கட்டியாக இருந்தால் இரவே ஊறப்போட்டு, காலையில் கையால் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். துணியில் தங்கும் நறநறப்பைத் தூக்கிப் போடாதீர்கள், முதல் கோட்டுக்கு உதவும்.

ஒரு கிலோ காவிக்கு ஏறக்குறைய 200 கிராம் ஃபெவிகால், மோர்ப் பதம் வரும்வரை தண்ணீர். ஃபெவிகாலை நேராக ஊற்றாமல் வெந்நீரில் தனியாகக் கரைத்துவிட்டுச் சேர்த்தால் திரியாது. பசை கூடினால் காய்ந்ததும் சுவர் மினுங்கும். குறைந்தால் பொடி உதிரும். காய்ந்த துண்டின் மேல் கறுப்புத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். லேசாக ஒரு சாயல் வந்தால் சரியான அளவு. இன்னொன்று: ஃபெவிகால் ஈரம் பட்டால் மறுபடி இளகும். சமையலறைத் தொட்டிப் பக்கமோ குளியலறைச் சுவரிலோ இந்தக் கலவை வேண்டாம். அங்கே எமல்ஷனே மேல்.

முதல் கோட்டில் மாவுச் சல்லடையில் சலித்த மணல் இரண்டு கைப்பிடி சேர்த்தேன், சுவருக்கு ஒரு சொரசொரப்பு வருவதற்காக. ரோலர் வேண்டாம், அது பின்னால் ஒரே மாதிரிப் புள்ளித் தடத்தை விட்டுப் போகும். துணியைப் பந்தாகச் சுருட்டி, கலவையில் தோய்த்து, தரை மெழுகும் கைவாக்கில் அரைவட்டம் அரைவட்டமாக இழுத்தேன். அந்தத் தடம்தான் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சாயங்கால நேரத்தில் மண் சுவரின் தோற்றத்தைக் கொடுக்கிறது. முதல் கோட் நன்றாகக் காய்ந்த பிறகுதான் இரண்டாவது. அதில் மணல் கிடையாது, கை அழுத்தமும் கிடையாது. அழுத்தித் தேய்த்தால் அடியில் இருப்பது கரைந்து வந்துவிடும்.

அத்தையும் அரிசி மாவும்

வார்லியின் வெள்ளை, அரிசி மாவு. அதோடு தண்ணீரும், பிடிப்புக்குக் கொஞ்சம் பிசினும். என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த சமயம் இது. பச்சரிசி ஊறப்போட்டிருப்பதைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டவர், "மாக்கோலத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்றார். அப்புறம் மிக்ஸி ஜாரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அவர் அரைத்த மாவைப் பார்த்தபோதுதான் பதம் என்றால் என்ன என்று புரிந்தது. வழித்து வைத்த விரலில் இருந்து சொட்டாமல், நூலாக இறங்கி நிற்க வேண்டும். பிசினுக்கு இங்கே வழி சுலபம்: பிரசவித்தவர்களுக்கு லட்டு பிடிக்க மளிகைக் கடையில் டிங்க் என்ற பெயரில் மரப்பிசின் விற்கிறார்கள். கொஞ்சம் எடுத்து இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டிச் சேர்த்தோம்.

சாணம் மெழுகிய சோதனைத் துண்டைத் தரையில் கிடத்தி, அத்தை துணியை நனைத்து மோதிர விரல் வழியாக ஒரு இழை இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. ஈரச் சிவப்பின் மேல் தண்ணீர்க் கோடு போல மினுங்கியது, அவ்வளவுதான். நான் இன்னும் கெட்டியாக வேண்டுமோ என்று வாயைத் திறப்பதற்குள், "கை வைக்காத, காயட்டும்" என்றார். ஓரத்திலிருந்து ஆரம்பித்து மெதுவாக வெளுத்தது. கோட்டின் இரண்டு விளிம்பும் முதலில் வெள்ளையாகி, நடுவில் ஒரு சாம்பல் நிற நூல் மட்டும் கொஞ்ச நேரம் நின்று, பிறகு அதுவும் வெளுத்துப் பளீரென்று வந்தது. வரைகிறபோது பார்த்துத் திருத்த முடியாத வெள்ளை இது. கையை நம்பிப் போக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு சுவரில் அரிசி மாவை நான் போடவில்லை. செங்குத்துச் சுவரில் அத்தையின் விரல் முறை வழியும். அது பெரிய சிக்கல் இல்லை, குச்சியால் எழுதலாம். எறும்பும் கரப்பானும்தான் சிக்கல். மாவுச்சத்து என்றால் விடாது. பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள், பூச்சி வராது. ஆனால் அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் சுவருக்கு ஆகாது. எனவே சுவருக்கு அக்ரிலிக் வெள்ளை.

டியூபிலிருந்து வரும் அக்ரிலிக் வெள்ளை கண்ணைக் குத்தும். கொஞ்சம் நீலம் பாய்ந்த வெள்ளை. அதில் காவிக் கரைசல் ஒரு சொட்டு, சாக்குத்தூள் கொஞ்சம் சேர்த்தால் அரிசியின் நிறத்துக்கு வந்துவிடுகிறது, மினுமினுப்பும் அடங்குகிறது. பக்கத்தில் அத்தை எழுதிய துண்டை வைத்துக்கொண்டுதான் கலந்தேன்.

எழுதும் குச்சிக்கு, மூங்கில் குச்சியின் நுனியை மென்று நாராக்கிக்கொள்வது வார்லி வழக்கம். நான் அகர்பத்தி எரிந்து முடிந்த பின் மிஞ்சும் குச்சிகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அதுவும் மூங்கில்தான். நுனியைத் தண்ணீரில் ஊறவைத்து அம்மியின் மேல் வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் மெல்லிய பிரஷ் தயார். நார் விரிந்து தடித்துப்போனதும் நுனியை வெட்டிவிட்டு மறுபடி தட்டலாம். நீளக் கோட்டுக்கு ஒன்றாம் நம்பர் பிரஷ் இருந்தாலும், கால், கை, கொண்டை எல்லாம் இந்தக் குச்சிக்குத்தான் அடங்குகின்றன. ஒவ்வொரு தோய்ப்புக்கும் கோடு கொஞ்சம் தடித்து, போகப் போக மெலிகிறது. பிரஷ்ஷில் அது வராது.

சுருள்

சுவரில் சுருளைக் கண்ணால் போட முயன்றால் முட்டை வடிவத்தில் வந்து நிற்கும். ஒரு வழி சொல்கிறேன். இரண்டரை அங்குலக் குறுக்களவுள்ள சின்ன டப்பா ஒன்றைச் சுருளின் நடுவில் இரண்டுபக்க டேப்பால் ஒட்டுங்கள். அதைச் சுற்றி நூலைச் சுற்றி, நுனியில் சாக்பீஸைக் கட்டுங்கள். நூலை இறுக்கமாகப் பிடித்தபடி பிரித்துக்கொண்டே வந்தால் சாக்பீஸ் தானாக ஒரு சீரான சுருளைப் போடும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் விழும் இடைவெளி டப்பாவின் சுற்றளவு, அதாவது ஏறக்குறைய எட்டு அங்குலம். ஐந்து அங்குல உயர ஆட்களுக்கு அது தாராளம். பெரிய ஆட்கள் வேண்டுமென்றால் பெரிய டப்பா.

சாக்பீஸ் கோட்டுக்கு மேல் வேறு எதையும் முன்கூட்டி வரைந்துகொள்ளவில்லை. பென்சில் காவியில் பள்ளம் விழுத்தும்.

ஆட்கள் இரண்டு முக்கோணம். மேலே உள்ளது தலைகீழ், கீழே உள்ளது நேர், நுனியும் நுனியும் தொடும் இடம் இடுப்பு. இரண்டையும் ஒரே அளவில் போட்டால் உடுக்கைக்குக் கைகால் முளைத்த மாதிரி இருக்கும். மேல் முக்கோணத்தைக் கொஞ்சம் பெரிதாகவும் கீழ் முக்கோணத்தைச் சின்னதாகவும் வைத்தால் உடம்பு வந்துவிடுகிறது. தலைக்கு நிரப்பிய வட்டம். பெண்ணுக்கு மட்டும் பின்னால் ஒரு சின்ன வட்டம், அது கொண்டை.

ஆரம்பச் சில ஆட்களைச் சோதனைத் துண்டில் போட்டு ஃபோனில் படமெடுத்து, டஹாணுவில் ஓவியம் விற்கும் ஒரு வார்லிக் காகாவிடம் (மராத்தியில் காகா என்றால் சித்தப்பா) காட்டினேன். அவரிடம் துணியில் வரைந்த வயல் காட்சி ஒன்றை வாங்கியிருந்த பழக்கம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் மராத்தியில் கேட்டார்: "எல்லாரும் ஏன் வரிசையில் நிற்கிறார்கள்? ரேஷன் கடையா?"

அதற்குப் பிறகு உடம்பின் நடுக்கோட்டைச் சாய்த்துப் பார்த்தேன். மேல் முக்கோணம் முன்னால் சாய, கீழ் முக்கோணம் அரை அங்குலம் பின்தங்க, இடுப்பில் ஒரு வெட்டு விழுகிறது. காலை ஒரே கோடாக இறக்காமல் முழங்காலில் மடித்து, ஒரு பாதத்தை மட்டும் தரையிலிருந்து தூக்கினால் ஆள் ஆட ஆரம்பித்துவிடுகிறார். ஒவ்வொருவருக்கும் இந்தச் சாய்வு கொஞ்சம் கொஞ்சம் மாறும்போது சுருள் முழுக்க ஒரு அலை ஓடுகிறது. ஸ்டென்சில் வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். ஸ்டென்சிலில் எல்லா ஆளும் ஒரே கோணத்தில் சாய்வார்கள். கண் இரண்டாவது ஆளோடு நின்றுவிடும்.

தலை வெளிப்பக்கமும் கால் நடுவைப் பார்த்தும் இருக்கும்படி வைத்தேன். அப்போது சுருளின் அடிப்பாதியில் எல்லாரும் தலைகீழாக வருவார்கள். எழுதுவதற்குக் குனிந்து, கழுத்தைத் திருப்பி, கடைசியில் தரையில் மல்லாந்து படுத்துக்கூட எழுதினேன். முதுகு பிடித்துக்கொண்டவர்கள் சுருளைச் சின்னதாக்கிக்கொள்ளலாம். கைகளை எல்லாம் கடைசியில் போடுங்கள். முதலில் எல்லா உடம்பையும் போட்டுவிட்டு, பின்னால் வந்து பக்கத்து ஆளின் முதுகு வழியாகக் கை கோத்தால் இடைவெளிகளைச் சரிக்கட்டலாம்.

மரங்களுக்கு அதிக நேரம் ஆனது. வேரிலிருந்து மேல் நோக்கி, கிளை கிளையாகப் பிரிந்து, இலை ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குச்சித் தொடல். அவசரப்பட்டால் உடனே தெரியும். வலது ஓரத்தில் ஒரு பனை, அதில் கள் இறக்க ஏறும் ஒருவர். கீழே கோழிகள். ஒரு புலி வைத்தேன். வார்லிகளுக்குப் புலி தெய்வமும்கூட, வாக்தேவ் என்று கும்பிடுவார்கள். என் மகனுக்கு அது பூனை.

சுவிட்ச் போர்டு குடிசையானது. மெயினை அணைத்துவிட்டுத் தகட்டைக் கழற்றி, சுற்றிக் காவி பூசி, மறுபடி மாட்டி, மேலே ஒரு கூரையை வரைந்ததும் அது தன் இடத்தில் பொருந்திவிட்டது. குறுக்கே ஓடும் கேசிங்தான் ரயில் தண்டவாளம். அதன் மேல் டஹாணு லோக்கல் ஒன்று, கதவில் தொங்கும் ஆட்களோடு. இது வார்லிக்கு அடுக்குமா என்று யோசிக்க வேண்டியதில்லை. இங்கே வரைகிறவர்கள் பஸ்ஸையும் விமானத்தையும் ரொம்ப நாளாகவே வரைகிறார்கள். போய்சரில் புல்லட் ரயிலுக்கு ஸ்டேஷன் வருகிறது. அதையும் யாராவது எங்காவது சுவரில் எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள்.

எவ்வளவு காலி விடுவது என்பதில் எனக்கும் கணவருக்கும் வாக்குவாதம். மேல் வலது மூலையில் ஒன்றுமே இல்லையே, ஒரு சூரியன் போடு என்றார். போடவில்லை. கடைகளில் விற்கும் படங்களில் இண்டு இடுக்கு விடாமல் நிரப்பி, நான்கு பக்கமும் பார்டர் கட்டி, கண்ணுக்கு மூச்சு முட்ட வைத்துவிடுகிறார்கள். வெறும் காவி இரண்டு சதுர அடி இருந்தால்தான் சுருள் சுற்றுகிற மாதிரி தெரிகிறது.

பூச்சும் பராமரிப்பும்

மேலே வார்னிஷ் அடிக்கலாமா என்பது அடுத்த கேள்வி. சோதனைத் துண்டில் பளபளப்பு வார்னிஷ் அடித்ததும் காவி கறுத்து, சிமென்ட் தரை ரெட் ஆக்சைடு நிறத்துக்குப் போய்விட்டது. தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷ் பரவாயில்லை. அதுவும் ஒரு சாயல் அடர்த்தியாக்கும். ஆகவே கை படும் கீழ்ப்பகுதிக்கு மட்டும் அடிப்பது என்று வைத்துக்கொண்டால் எல்லைக்கோடு தெரியும். அடித்தால் மூலைக்கு மூலை முழுக்க அடிக்க வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது. நான் முழுக்க அடித்தேன். மென்மையான அகல பிரஷ், ஒரு இழுப்பு, திரும்ப அதே இடத்துக்கு வரக் கூடாது. திரும்பினால் காவி கரைந்து வெள்ளையின் மேல் ரோஸ் நிறத்தில் இழுபடும்.

செலவில் பெரும்பகுதி பிரைமருக்கும் வார்னிஷுக்கும்தான். காவி சல்லிக்காசு. இதையெல்லாம் நீங்களே செய்ய நேரமில்லை என்றால் வார்லிக் கலைஞர்களையே அழைத்துச் சுவரில் எழுதச் சொல்லலாம், வீடு தேடி வந்து செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2014இல் வார்லி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் அச்சடித்த போலிகள்தான் கடைகளில் நிறைய. காசு கொடுக்கிற இடத்திலாவது கை எழுதியதைப் பார்த்து வாங்குங்கள். காகாவிடம் வாங்கிய துணி ஓவியம் எங்கள் வீட்டில் எதிர்ச் சுவரில் தொங்குகிறது. என்னுடையதில் எங்கே கை நடுங்கியிருக்கிறது என்பது அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மழைக்காலம் ஒன்று கடந்துவிட்டது. ஜன்னல் பக்கத்து ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குக் காவி தூக்கிக்கொண்டது. சாரல் அடித்த இடம். மீதிக் காவியைக் காய்ந்த பொடியாகவே பாட்டிலில் போட்டு வைத்திருந்ததால் நிறம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தூக்கியதைக் கத்தியால் சுரண்டி, ஓரத்தை உப்புத்தாளால் மழுக்கி, பிரைமர் தொட்டு, அதே விகிதத்தில் கலந்து துணிப்பந்தால் ஒற்றினேன். அங்கே இருந்த இரண்டு கோழிகள் போய்விட்டன. அத்தை இந்தத் தடவை வந்தபோது அந்த இடத்தில் குச்சியால் மூன்று கோழி போட்டுக் கொடுத்தார், அதில் ஒன்று அளவில் மயில் மாதிரி. மற்றபடி தூசிக்கு உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுவதோடு சரி. ஈரத் துணி மட்டும் படக் கூடாது என்று வேலைக்கு வருகிறவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.